இயந்திரம் படிக்கும் ரெஸ்யூமே: திறமூலக் கருவிகள் குறித்து ஒரு மதிப்பீடு

வேலை தேடுகிறவரின் ரெஸ்யூமேயை அழகாக்கித் தருகிறோம் என்று அழைக்கும் இணையதளங்களுக்கு இன்று குறைவில்லை. அவற்றில் பல ஒரே வழியில் நடக்கின்றன. விவரங்களை இலவசமாக நிரப்ப விடுகின்றன. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்துப் பதிவிறக்கப் போகும் நேரத்தில் கட்டணம் கேட்கின்றன. அதற்குள் பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி, படித்த கல்லூரி, பார்த்த வேலை எல்லாம் அவர்களுடைய சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னும் சம்பளம் கைக்கு வராத ஒருவரை இப்படி மடக்கிக் காசு கேட்பது எனக்குக் கோபமூட்டுகிறது. திறமூல உலகம் இதற்கு மாற்றாகச் சில கருவிகளை வைத்திருக்கிறது. ஓப்பன்ரெஸ்யூமே, ரியாக்டிவ் ரெஸ்யூமே, ரெண்டர்சிவி, ஜேசன் ரெஸ்யூமே, ரெஸ்யூமே மேட்சர் என்று பட்டியல் நீளும். காசு கிடையாது, நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆனால் நல்ல மனசோடு செய்தது என்பதற்காக ஒரு கருவியை நல்ல கருவி என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஓர் அழைப்புக்காகக் காத்திருப்பவரைத் தவறான வழியில் அனுப்பினால், இலவசக் கருவியும் நஷ்டத்தையே தரும்.

ரெஸ்யூமேக்கு உதவி என்றால் அது பார்வைக்கு ஒழுங்காக இருக்கச் செய்வதாக இருக்கலாம். நிறுவனத்தின் மென்பொருள் அதைப் பிழையின்றிப் படிக்கச் செய்வதாக இருக்கலாம். சொல்ல வந்ததை இன்னும் தெளிவாகச் சொல்ல வைப்பதாக இருக்கலாம். முதல் வேலையை எல்லாக் கருவிகளும் ஓரளவு செய்கின்றன. சோதனை மற்ற இரண்டில்தான். நான் இங்கே வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று: கருவி தான் செய்வதையும் அதற்கான காரணத்தையும் வேலை தேடுகிறவருக்குக் காட்டுகிறதா? அவர் அதை ஏற்கவும் மறுக்கவும் இடம் தருகிறதா? காட்டினால் அவருக்குக் கையில் ஓர் ஆயுதம் கிடைக்கிறது. காட்டாவிட்டால், இலவசமாக இருந்தாலும் அது இன்னொரு அதிகாரியாகிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் ரெஸ்யூமே முதலில் ஏ.டி.எஸ். எனப்படும் விண்ணப்ப மேலாண்மை மென்பொருளுக்குள் நுழைகிறது. 2012-இல் ஆரக்கிள் வாங்கிய டலியோ, வொர்க்டே, கிரீன்ஹவுஸ், நம் ஊர் ஸோஹோவின் ரெக்ரூட் எல்லாம் இந்த வகை. அதன் முதல் வேலை எளியது: கோப்பிலிருந்து எழுத்துகளை உருவி, இது பெயர், இது மின்னஞ்சல், இது படிப்பு என்று கட்டங்களில் போட்டுவைப்பது. அதற்குப் பிறகு மனிதவளத் துறையில் இருப்பவர் அந்தக் கட்டங்களில் தேடுகிறார், வடிகட்டுகிறார். 75 சதவீத ரெஸ்யூமேக்கள் மனிதக் கண்ணில் படாமலே கழிக்கப்படுகின்றன என்ற கணக்கு, கட்டணச் சேவைகளின் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம்பத்தகுந்த ஆய்வு எதையும் அவர்கள் அதற்கு ஆதாரமாகக் காட்டுவதில்லை. அந்த பயம்தான் அவர்களுடைய சரக்கு.

பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்சரும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களின் மேலாளர்களிடம் கேட்டார்கள். தகுதியுள்ள ஆட்கள்கூட, விளம்பரத்தில் போட்ட நிபந்தனைகளோடு அச்சு அசலாகப் பொருந்தவில்லை என்பதற்காக வடிகட்டப்படுகிறார்கள் என்று 88 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் ஒதுக்கிவிடும் வடிகட்டியைக் கிட்டத்தட்ட பாதி நிறுவனங்கள் வைத்திருந்தன. குழந்தை பிறந்ததாலோ பெற்றோரின் நோயாலோ வேலையை விட்டவர்கள் இதில் அடிபடுகிறார்கள். ஆக, சிக்கல் இரண்டு. எழுத்து சரியாக உருவப்படாமல் போவது ஒன்று. அதைக் கருவியால் தீர்க்கலாம். நிறுவனம் வைத்த நிபந்தனை இன்னொன்று. அதை எந்த எழுத்துருவும் வார்ப்புருவும் மாற்றாது. இந்த இரண்டையும் குழப்பிவிடுகிற கருவிகளிடம்தான் எச்சரிக்கை தேவை.

முதல் சிக்கலுக்கு உள்ள மிக நேர்மையான கருவிக்குத் திரையில் அழகான பக்கம்கூடக் கிடையாது. பாப்ளர் என்ற திறமூலத் தொகுப்போடு வரும் பி.டி.எஃப்-டு-டெக்ஸ்ட் அது. ஒரு கட்டளை கொடுத்தால் பி.டி.எஃபில் இருக்கும் எழுத்தை மட்டும் உருவிக் கொட்டும். கட்டளை தெரியாதவர்கள் பி.டி.எஃபைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டினாலே ஏறக்குறைய அதே பலன், கைபேசியிலும் செய்யலாம். அங்கே தெரிவதுதான் இயந்திரத்துக்குக் கிடைக்கும் மூலப்பொருள். இரண்டு பத்தியாகப் பிரித்த வார்ப்புருவில் இடப்பக்கத்துத் திறன் பட்டியல் வலப்பக்கத்து வேலை அனுபவத்தின் நடுவில் வந்து விழுந்திருப்பது தெரியும். கைபேசிச் சின்னம் போட்ட இடத்தில் பொருளில்லாத குறி ஒன்று நிற்கும். திறனை ஐந்து நட்சத்திரங்களாலும் பட்டைகளாலும் காட்டியிருந்தால், திறனின் பெயர் மட்டும் இருக்கும், அளவு காணாமல் போயிருக்கும். வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைத்தால் இயந்திரத்தை ஏமாற்றலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள்; அந்தச் சொற்களும் இங்கே பளிச்சென்று தெரியும், அங்கே உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படியே தெரியும். இந்தச் சோதனைக்கு மதிப்பெண் கிடையாது, பாராட்டு கிடையாது. பிழை எங்கே என்று கண்ணால் பார்க்க முடிகிறது. என் அளவுகோலில் இதற்கே முதல் இடம்.

அடுத்து ஓப்பன்ரெஸ்யூமே. கணக்கு தொடங்க வேண்டாம், உள்நுழைய வேண்டாம். நிரப்பும் விவரம் உங்கள் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எங்கும் போவதில்லை. வலப்பக்கத்தில் ரெஸ்யூமே உடனுக்குடன் உருவாகிக்கொண்டே வரும். வார்ப்புரு ஒன்றே, அதுவும் ஒற்றைப் பத்தி. அலங்காரம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது சரியான தீர்மானமாகவே படுகிறது. புகைப்படத்துக்கு இடம் இல்லை. தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை ஆகியவற்றுக்கும் இடம் இல்லை. நம் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பிரிவு கைமாற்றிக் கைமாற்றித் தரும் வேர்டு கோப்புகளில் இவை எல்லாம் இன்னும் இருக்கின்றன. மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன் என்ற வாக்குமூலமும், அதற்குக் கீழே இடம், தேதி, கையெழுத்தும் கூட. வேலைக்குத் தொடர்பில்லாத அந்த விவரங்கள் ஒருவரைக் கழிக்க மட்டுமே பயன்படும். அவற்றைக் கேட்காமல் விடுவதே இந்தக் கருவி செய்யும் நல்ல காரியங்களில் ஒன்று.

ஆனால் ஓப்பன்ரெஸ்யூமேயின் உண்மையான சிறப்பு, அதில் இருக்கும் பகுப்பான். ஏற்கெனவே கையில் உள்ள பி.டி.எஃபை அதில் போட்டால், எது பெயராகப் படிக்கப்பட்டது, எது தொலைபேசி எண்ணாகப் படிக்கப்பட்டது என்று காட்டுகிறது. எப்படிப் படிக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் படிப்படியாக விளக்குகிறது. பி.டி.எஃபில் சிதறிக் கிடக்கும் எழுத்துத் துண்டுகளை முதலில் வரிகளாகச் சேர்க்கிறது, வரிகளைப் பிரிவுகளாக்குகிறது, பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் குணம் பார்த்துப் புள்ளி கொடுக்கிறது. பெயர் என்றால் எழுத்து, இடைவெளி, புள்ளி மட்டும் இருக்க வேண்டும். தடித்த எழுத்தாக இருந்தால் கூடுதல் புள்ளி. எண்ணோ மின்னஞ்சல் குறியோ இருந்தால் புள்ளி குறையும். ஒற்றைப் பத்தி ஆங்கில ரெஸ்யூமேக்காகவே இது அமைக்கப்பட்டது என்றும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இப்படித் தன் எல்லையைத் தானே சொல்லும் கருவியைக் கட்டணச் சேவைகளிடையே தேடிப் பாருங்கள்.

விதிகள் வெளியே தெரிவதால்தான் குறையையும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. தொலைபேசி எண்ணுக்கான விதி அமெரிக்க வழக்கப்படி மூன்று, மூன்று, நான்கு எண்களாகப் பிரிந்த வடிவத்தைத் தேடுகிறது. பத்து எண்களையும் சேர்த்து எழுதினால் பிடித்துக்கொள்ளும். நாம் வழக்கமாக எழுதுவதுபோல ஐந்து ஐந்தாக இடைவெளி விட்டால் பிடிக்காது. ஊருக்கான விதி, ஊர்ப் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி, அதன்பின் இரண்டு பெரிய ஆங்கில எழுத்துகளில் மாநிலம் என்ற வடிவத்தை எதிர்பார்க்கிறது. மதுரை, தமிழ்நாடு என்று மாநிலத்தை முழுதாக எழுதினால் அது ஊராகப் பதிவாகாது. மதுரைக்காரருக்கு அந்தக் கட்டம் காலியாகத் தெரியும். தன் ரெஸ்யூமேயில்தான் ஏதோ தவறு என்று அவர் நினைத்துவிடக் கூடும். தவறு அமெரிக்காவை மனதில் வைத்து எழுதிய விதியில் இருக்கிறது. மாறாக, பெயர் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: புள்ளியை அனுமதிப்பதால் இனிஷியல் உள்ள தமிழ்ப் பெயர்கள் தடையின்றிப் போகின்றன. நிரப்பும் படிவத்திலும் பெயருக்கு ஒரே கட்டம்தான்.

இந்த ஒரே கட்டம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் வேலைவாய்ப்புத் தளங்களில் தமிழர்கள் படும் பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் இனிஷியலைக் கடைசிப் பெயராக்குகிறார். இன்னொருவர் அப்பா பெயரை விரித்து எழுதுகிறார். அதே ஆள் வேறொரு தளத்தில் தன் பெயரையே இருமுறை போடுகிறார். பிறகு சான்றிதழில் உள்ள பெயரோடு எதுவும் ஒத்துப்போவதில்லை. 2014-இல் தொடங்கிய ஜேசன் ரெஸ்யூமே திட்டம் இதில் நல்ல முன்மாதிரி. ரெஸ்யூமேயின் உள்ளடக்கத்தை ஒரு பொதுவான தரவு வடிவமாக வரையறுக்கும் அந்தத் திட்டத்திலும் பெயர் ஒற்றைப் புலம்தான். படிப்புக்கான மதிப்பெண்ணையும் சும்மா ஓர் எழுத்துச் சரமாகவே வைத்திருக்கிறார்கள், சி.ஜி.பி.ஏ. பத்துக்கு எவ்வளவு என்றாலும் சதவீதம் என்றாலும் ஏற்றுக்கொள்ளும். விவரம் ஓரிடம், தோற்றம் வேறிடம் என்ற இந்தப் பிரிவினை நீண்ட காலத்துக்கு உதவும். ஒரு தளம் மூடப்பட்டாலும் உங்கள் விவரம் உங்களிடம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். திறமூலத் திட்டங்கள் ஒருவர் இருவரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்பவை என்பதால் இந்தக் கவலை வெறும் கற்பனை அன்று. ஒரு காலத்தில் பலர் பரிந்துரைத்த ஹேக்மைரெஸ்யூமே ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

பொறியியல் மாணவர்களிடையே செல்வாக்குள்ள, லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் வார்ப்புருக்களைப் பற்றி எனக்கு இரண்டு மனது. அச்சு ஒழுங்கில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எஃப், ஐ ஆகிய இரண்டு எழுத்துகளையும் அது ஒரே கூட்டெழுத்தாகச் சேர்த்துவிடும். உரிய ஏற்பாடு இல்லாவிட்டால், சான்றிதழ் பெற்றவர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் நடுவே ஒரு விநோதக் குறி உருவப்படும். அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு உங்கள் ரெஸ்யூமே அகப்படாது. மாணவர்கள் பெரிதும் பயன்படுத்தும் ஜேக்கின் வார்ப்புரு இதற்கான இரண்டு வரிகளை முன்பே சேர்த்து வைத்திருக்கிறது. டீடி என்ற பெயரில் பரவிய இரு பத்தி வார்ப்புருவை அதன் அழகுக்காக எடுப்பவர்கள், நோட்பேடில் ஒட்டிப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். ரெண்டர்சிவி இதே துறையில் ஒரு படி மேலே. விவரங்களை யாமல் எனப்படும் எளிய எழுத்துக் கோப்பில் எழுதினால் அச்சுக்கோப்பை அதுவே பார்த்துக்கொள்கிறது. முன்பு லாடெக்கை நம்பியிருந்தது, இப்போது டைப்ஸ்ட் என்ற இன்னொரு அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு மாறிவிட்டது. பிரிவுகளுக்கு நீங்களே தலைப்பு வைக்கலாம் என்பது எனக்குப் பிடித்த அம்சம்: இரண்டு ஆண்டு இடைவெளியை ஒளிக்காமல், அதற்கென்று ஒரு பதிவு எழுதி, அந்தக் காலத்தில் செய்த சான்றிதழ்ப் படிப்பையோ குடும்பத் தொழிலில் பார்த்த கணக்கையோ அங்கே சொல்ல முடிகிறது. ஆனால் யாமலில் ஓர் இடைவெளி தவறினாலும் கோப்பு உடையும். கட்டளைத் திரைக்குப் பழகாதவருக்கு இது கதவைச் சாத்திவிடுகிறது.

ரியாக்டிவ் ரெஸ்யூமே அந்தக் கதவைத் திறந்துவைக்கிறது. இழுத்துவிட்டு அடுக்கும் வசதி, பன்னிரண்டுக்குக் குறையாத வார்ப்புருக்கள், ஜேசன் வடிவில் ஏற்றுமதி எல்லாம் உண்டு; பார்க்கவும் பழகவும் இனிமையானது. அதன் வார்ப்புருக்களில் பல இரு பத்தி என்பதுதான் என் தயக்கம். அழகானதைக் கண் தேடும், கருவி எச்சரிப்பதில்லை. கணக்கு தொடங்கினால் விவரம் அவர்களுடைய சர்வரில் இருக்கும். சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம்தான், அதற்கு டாக்கரும் தரவுத்தளமும் தெரிந்திருக்க வேண்டும், திருவண்ணாமலையில் பி.காம். முடித்த பெண்ணிடம் அதைச் சொல்லி என்ன பயன்.

இனி மதிப்பெண் போடும் கருவிகள். ரெஸ்யூமே மேட்சர் இவற்றில் பெயர் பெற்றது. உங்கள் ரெஸ்யூமேயையும் வேலை விளம்பரத்தையும் கொடுத்தால் இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும். இதன் தொடக்கப் பதிப்புகளின் அடிப்படை, இரண்டு எழுத்துப் பகுதிகளையும் எண்வரிசைகளாக மாற்றி அவற்றுக்கிடையே உள்ள கோணத்தை அளப்பது. இந்தக் கணக்கின் இயல்பை ஒரு நிமிடம் யோசித்தால் அதன் வரம்பு புரிந்துவிடும். கோணம் முழுவதும் மறைந்து மதிப்பெண் உச்சத்தைத் தொடுவது இரண்டு எழுத்துப் பகுதிகளும் ஒன்றாகவே இருக்கும்போது. அதாவது, விளம்பரத்தை அப்படியே நகலெடுத்துத் தன் பெயரைப் போட்டவருக்குத்தான் முதல் பரிசு. அனுபவம் உண்மையா, ஆழமானதா, பத்து ஆண்டா பத்து நாளா என்பது இந்த அளவுக்குள் வரவே வராது. இன்னொரு அடிப்படைக் கோளாறும் இருக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஏ.டி.எஸ். மதிப்பெண் என்று ஒன்று உலகில் இல்லை. எந்த நிறுவனம் எந்த மென்பொருளை எப்படி அமைத்திருக்கிறது என்பது வெளியில் இருக்கும் கருவிக்குத் தெரிய வழியில்லை. தெரியாத தேர்வுக்குத் திருத்திய விடைத்தாள்போல ஓர் எண்ணை நீட்டுவது நியாயமில்லை. திறமூலக் கருவி செய்தாலும் நியாயமில்லை.

நிறுவனங்கள் தாமே செய்த மதிப்பெண் இயந்திரங்களின் கதையும் தைரியம் தருவதாக இல்லை. பழைய விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கிய ஓர் இயந்திரத்தை அமேசான் உருவாக்கியது. அது பெண்கள் சங்கம், பெண்கள் அணி போன்ற குறிப்புள்ள ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பைக் குறைத்தது. அதனால் அதைக் கைவிட்டார்கள் என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது.

இருந்தாலும் ரெஸ்யூமே மேட்சரை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மதிப்பெண்ணுக்குக் கீழே அது காட்டும் விடுபட்ட சொற்களின் பட்டியலில் பொருள் இருக்கிறது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் நான்கு ஆண்டு கணக்கு பார்த்தவர் தன் ரெஸ்யூமேயில் கணக்கு வேலை என்று மட்டும் எழுதிவிடுவார். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1, 3பி தாக்கல் செய்தது, டேலியில் பதிவுகள் போட்டது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்தது எல்லாம் அவருக்குச் சொல்லத் தேவையில்லாத அன்றாட வேலை. விளம்பரமோ அந்தச் சொற்களைத்தான் கேட்கிறது. தேடுகிறவரும் அந்தச் சொற்களைத்தான் தட்டுவார். அவர் உண்மையிலேயே செய்த வேலைக்கு உரிய பெயரை நினைவூட்டும் அளவுக்கு இந்தக் கருவி பயன்தரும். செய்யாத வேலையின் பெயரைச் சேர்க்கத் தூண்டும் இடத்தில் அதை மூடிவிட வேண்டும். எண்ணைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்க்கும் கட்டுப்பாடு பயன்படுத்துகிறவருக்கு வேண்டும். மதிப்பெண்ணைப் பெரிதாகக் காட்டும் வடிவமைப்பு அந்தக் கட்டுப்பாட்டுக்கு எதிராக வேலை செய்கிறது.

மொழி மாதிரிகளைக் கொண்டு ரெஸ்யூமேயையே மாற்றி எழுதித் தரும் வசதி இப்போது பல கருவிகளில் சேர்ந்திருக்கிறது. இங்கே என் தீர்ப்பு கடுமையானது. மெருகேற்றச் சொன்னால் இந்த மாதிரிகள் இல்லாத எண்களைப் போடுகின்றன: விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினார், நேரத்தை 40 சதவீதம் குறைத்தார் என்று. நேர்காணலில் எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மாதிரி இல்லை. ரியாக்டிவ் ரெஸ்யூமேயில் இந்த வசதிக்கு ஓப்பன்ஏஐ போன்ற நிறுவனத்தின் அணுகல் சாவியை நீங்களே தர வேண்டும். அப்போது கருவி திறந்ததாக இருந்தும், எழுதும் பகுதி மூடிய நிறுவனத்திடம் இருக்கிறது, உங்கள் விவரமும் அங்கே போகிறது. ஒல்லாமா என்ற கருவி மூலம் சொந்தக் கணினியிலேயே மாதிரியை ஓட்டலாம் என்ற மாற்று நல்லதுதான். ஆனால் 700 கோடி அளவுருக்கள் கொண்ட சிறிய மாதிரிக்கே 8 ஜி.பி. நினைவகம் வேண்டும். அந்தக் கணினி வைத்திருப்பவருக்கு இந்த உதவி அவ்வளவு அவசரமில்லை. அவசரமாகத் தேவைப்படுகிறவரிடம் அந்தக் கணினி இல்லை. இதற்கு நேர்மாறாக, லேங்குவேஜ்டூல், ஹார்ப்பர் போன்ற இலக்கணத் திருத்திகள் அடக்கமாக வேலை செய்கின்றன. பிழையின் கீழே கோடு, பக்கத்தில் காரணம், ஏற்கவும் தள்ளவும் பொத்தான். ஹார்ப்பர் ஆங்கிலத்துக்கு மட்டுமே. ஆனால் எழுத்து உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஆங்கில வாக்கியத்தில் தடுமாறும் தமிழ் வழி மாணவருக்கு, முழுதாக மாற்றி எழுதித் தரும் மாதிரியைவிட இவையே நல்ல துணை, ஏனென்றால் வாக்கியம் அவருடையதாகவே மிஞ்சுகிறது.

தமிழிலேயே ரெஸ்யூமே அனுப்புகிறவர்களை இந்தக் கருவிகள் எதுவும் நினைத்துப் பார்க்கவில்லை. பத்திரிகை, பதிப்பகம், தமிழாசிரியர் பணி என்று அதற்கும் இடங்கள் இருக்கின்றன. ஓப்பன்ரெஸ்யூமேயின் பெயர் விதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும். பி.டி.எஃபிலிருந்து தமிழை உருவும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்பது பலர் அறிந்த தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வெளியே வரும். தமிழ் ரெஸ்யூமேயை யூனிகோடில் அடித்து, பி.டி.எஃபோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புவதே இன்றைக்குள்ள வழி.

ரெஸ்யூமேக்கு வெளியே இருக்கும் ஒரு சுவரையும் சொல்லியாக வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் இந்தியச் செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, தகுதியில் சமமான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள்; முடிவு 2007-இல் வெளியானது. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. ஒரே தகுதி, ஒரே மாதிரியான தாள். ரெஸ்யூமேயைச் சரிசெய்தால் வேலை கிடைக்கும் என்று உறுதியாகப் பேசும் எந்தக் கருவியும் இந்த எண்களின் முன் நிற்க முடியாது. அழைப்பு வராதவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மறைமுகமாகக் கற்றுக்கொடுப்பதே மதிப்பெண் கருவிகள் செய்யும் பெரிய தீங்கு என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எதை எடுப்பது? பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ உட்கார்ந்து ரெஸ்யூமே தயாரிப்பவரை மனதில் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் தெரிந்தவர் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொள்வார். லிப்ரேஆபீஸ் ரைட்டரில் ஒற்றைப் பத்தியில், அட்டவணையும் எழுத்துப் பெட்டியும் இல்லாமல் அடித்த ஒரு கோப்பு, அதை நோட்பேடில் ஒட்டிப் பார்க்கும் சோதனை: இந்த இரண்டும் சேர்ந்தே பெரும்பாலோருக்குப் போதும். 2010-இலிருந்து வளர்ந்து வரும் அந்த மென்பொருள் பழைய கணினியிலும் ஓடும், பி.டி.எஃபும் தரும், சில நிறுவனங்கள் கேட்கும் வேர்டு வடிவமும் தரும். ரெஸ்யூமே உருவாக்கும் கருவி என்று யாரும் அதைச் சொல்வதில்லை. இருந்தும் பட்டியலில் அதை முதலில் வைக்கிறேன். இணைய வசதி உள்ளவருக்கு ஓப்பன்ரெஸ்யூமே, முக்கியமாக அதன் பகுப்பான், அதன் அமெரிக்க விதிகளைத் தெரிந்துகொண்டு. கணினித் துறைக்குப் போகிறவர்களுக்கு ரெண்டர்சிவி. ரியாக்டிவ் ரெஸ்யூமே, ஒற்றைப் பத்தி வார்ப்புருவோடு மட்டும். ரெஸ்யூமே மேட்சரில் சொற்பட்டியல் ஏற்கத்தக்கது, மதிப்பெண் தள்ளத்தக்கது. மாற்றி எழுதித் தரும் மாதிரிகள், இன்றைய நிலையில், வேண்டாம். கடைக் கணினியில் வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிட்டு வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த உரிமமும் அதைப் பார்த்துக்கொள்ளாது.

ஓப்பன்ரெஸ்யூமேயின் உரிமம் ஏ.ஜி.பி.எல்.; யாரும் திருத்தலாம், திருத்தியதை இணையத்தில் இயக்கினால் அதன் நிரலையும் திறந்து வைக்க வேண்டும். நம் எண்களுக்கும் ஊர்களுக்கும் படிப்புகளுக்கும் பொருந்தும் ஒரு வடிவம் இன்று தேவை: ஐந்து ஐந்தாகப் பிரித்த கைபேசி எண், முழுதாக எழுதிய மாநிலம், பிளஸ் டூ மதிப்பெண், ஐ.டி.ஐ., டிப்ளமோ எல்லாவற்றையும் சரியாகப் படிக்கும் பகுப்பான். யாருடைய நிஜ ரெஸ்யூமேயும் இதற்குத் தேவையில்லை. கற்பனை விவரங்களால் நிரப்பிய மாதிரிக் கோப்புகள் போதும். 2012-இலிருந்து தமிழில் கட்டற்ற மென்பொருளை எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகளும், விழுப்புரத்திலும் சென்னையிலும் கூடும் லினக்ஸ் பயனர் குழுக்களும், வேலைவாய்ப்புப் பிரிவுள்ள ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும் எடுத்துச் செய்யக்கூடிய அளவான வேலை இது. கைபேசி எண் விதியில் மாற்ற வேண்டியது ஒரே வரி, அங்கிருந்து தொடங்கலாம்.